சீமெந்துத் தாளில் ஒரு கடல்

லமினேற் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பருத்தித்துறைப் பட்டினத்தில் இப்போது தடக்கி விழுந்தால் லமினேற் செய்கிற கடைக்குள்தான் விழவேண்டும். பிறப்புச் சான்றிதழோ, கலியாணப் படமோ, தகப்பன் கையால் எழுதிய பாட்டோ, எதுவானாலும் கொண்டுபோய்ச் சூடான உருளைக்குள் கொடுத்து, பிளாஸ்ரிக்கில் பொரித்து எடுத்த பிறகுதான் எங்கள் கடைக்கு வருவார்கள். "அக்கா, இதுக்கு ஒரு வடிவான பிறேம் போடுங்கோ" என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. "கொலையைச் செய்துபோட்டுப் பெட்டி அடிக்க வந்தனீங்களோ?" என்று கேட்டுவிடுவேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் படத்தைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"அக்கா, உன்ரை வாயாலை போற சனத்தை என்ரை கையாலை திருப்பிக் கூப்பிட வேண்டிக் கிடக்கு" என்பாள் தங்கச்சி.

பிறேம் போடுகிறவள் அவள்தான். என் வேலை, முன்மேசையில் இருந்து சாமான் வாங்கிக் கொடுப்பதும், வருகிறவர்களோடு கதைப்பதும், சண்டை பிடிப்பதும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அது நன்றாகவே வரும். தங்கச்சி நோர்வேயில் ஒரு நூதனசாலையின் பின்னறையில் நெடுங்காலம் வேலை செய்தவள். பழைய சித்திரங்களையும் வரைபடங்களையும் பழுதாகாமல் அட்டைக்குள் வைத்துச் சட்டம் போடுவதுதான் அங்கே அவளுக்குத் தொழில். திரும்பி வந்து எங்கள் வீட்டின் முன்னறையில் கடை போடப்போகிறேன் என்றபோது, "குளிர்நாட்டிலை பழகின வேலையை இந்த உப்புக்காத்திலை செய்யப் போறியோ, உனக்கென்ன விசரோ?" என்று கேட்டேன். "உப்புக்காத்து எண்டபடியாத்தான் செய்யவேணும்" என்றாள். அதற்கு மேல் அவள் விளக்கம் சொல்லவில்லை. அவள் எதற்கும் இரண்டு வசனத்துக்கு மேல் சொல்வதில்லை.

எங்கள் ஊரில் இந்த வேலைக்குப் பெயரே 'கண்ணாடி போடுறது' என்பதுதான். படத்தை வை, மேலே கண்ணாடியை அமத்து, பின்னால் பலகை வைத்து ஆணி அடி, முடிந்தது அலுவல். வாடைக்காற்று தொடங்கியதும் ஈரம் உள்ளே இறங்கும். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டும். பிறகு அதை உரிக்கப் போனால் மூக்கும் கண்ணும் கண்ணாடியிலே நிற்கும், வெள்ளைத் தாள்தான் கையில் வரும். தங்கச்சியின் வேதாகமத்தில் முதலாவது கட்டளை, தாள் கண்ணாடியைத் தொடக்கூடாது என்பது. அதற்காகத் தடித்த அட்டை ஒன்றில் யன்னல் மாதிரி ஓர் இடம் வெட்டி, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைப்பாள். மவுண்ட் என்று சொல்வோம். அட்டையும் சும்மா அட்டை இல்லை. கடையில் வாங்குகிற மலிவு அட்டைக்குள் புளிப்பு இருக்கிறதாம், அது மெல்ல மெல்லத் தாளைச் சுட்டுப் பழுப்புக் கோடு போடுமாம். அதனால் கொழும்பில் சொல்லி வைத்து, புளிப்பில்லாத பருத்தி அட்டை எடுப்பிப்பாள். அது வந்து சேரும்வரை வாடிக்கையாளர்களின் ஏச்சை வாங்குகிறது யார்? நான்தான்.

ஆனால் அவள் அந்த யன்னலை வெட்டுகிறதைப் பார்க்கவேண்டும். கத்தியைச் சரிவாகப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரே இழுவை. மூலையில் ஒரு மயிரிழை கூட மிஞ்சாது. நான் கணக்கு வாத்தியார், கோணத்தைக் கண்டால் எனக்குத் தெரியும். எத்தனையோ தரம் கோபத்தோடு பின்னறைக்குள் போய், அந்த இழுவையைக் கண்டு, வந்த காரியத்தை மறந்து திரும்பியிருக்கிறேன்.

சோளகக் காற்றுப் பெயர்ந்து கடல் கொஞ்சம் அடங்கின ஒரு காலை, கறுப்புச் சேலை கட்டிய ஒரு அம்மா கடைக்கு வந்தார். கடற்கரைப் பக்கத்து ஆள் என்று கண்டவுடனே தெரிந்தது, கழுத்தில் செபமாலை. கையில் ஒரு பிளாஸ்ரிக் குழாய், தண்ணீர்க் குழாய் போடுகிற அதே சாமான். இரண்டு பக்கமும் துணி அடைத்திருந்தது.

"படத்துக்குக் கண்ணாடி போடுற இடம் இதுதானே பிள்ளை?"

"ஓம் அம்மா. லமினேற் செய்துபோட்டியளோ?"

"அதென்ன?"

அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கதிரை இழுத்துப் போட்டேன்.

குழாய்க்குள் இருந்து வந்தது சீமெந்துப் பையின் தாள். பையைப் பிரித்து, உள்பக்கத்தை மேலே விட்டு, நான்கு தாள்களைக் கோதுமை மாப்பசையால் ஒட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். மேசையில் விரித்தபோது மேசை போதவில்லை. முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பென்சிலால் ஏதோ மலைகள் மாதிரி, குகைகள் மாதிரி வரைந்திருந்தது. சுற்றிவர ஓரங்களில் நீலப் பேனையால் பொடிப்பொடி எழுத்து.

"என்ரை மனிசன் கீறினது. கடலுக்கை கிடக்கிற பார்" என்றார் அந்த அம்மா.

பார் என்றால் கடலடியில் கிடக்கும் கல்திட்டு. மீன் கூடுகிற இடம். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். கீழே எங்கே கல், எங்கே மணல், எங்கே சேறு என்று தெரிந்தவனுக்குத்தான் வலையில் மீன். அந்த மனிதர் ஈயக்குண்டின் அடியில் சவர்க்காரம் தடவிக் கயிற்றில் இறக்குவாராம். ஒட்டி வருகிற மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பாராம். வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் படுத்த பிறகு, இந்தத் தாளை விரித்து அன்று அறிந்த ஒரு துண்டைக் கீறுவாராம். ஆயுள் முழுக்கக் கீறியிருக்கிறார். ஒவ்வொரு பாரும் ஒவ்வொரு முகம். இடுக்குகளில் கலவாய் மீன் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. விளமீன் கூட்டம் ஒரு சரிவில் இறங்கியது. நீரோட்டம் போகிற திசைக்கு மெல்லிய கோடுகள். பென்சிலைக் கூர்பார்த்துக் கூர்பார்த்து, ஒரு இடத்திலும் அழுத்தாமல், அழித்த தடமே இல்லாமல் கீறியிருந்தார்.

தங்கச்சி பின்னறையில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. எனக்கு அவளைத் தெரியும்; நல்ல வேலையைக் கண்டால் அவளுக்குக் காது கேட்காது.

"மனிசன் கண்ணை மூடிக் கொஞ்ச நாள்தான்" என்று என்னிடம் சொன்னார் அந்த அம்மா. "முப்பத்தொண்டாம் நாள் பூசைக்கு ஊர்ச்சனம் முழுக்க வீட்டை வரும். அண்டைக்கு இது சுவரிலை தொங்கவேணும்."

"அவரின்ரை படம் ஒண்டு வைக்கிறதுதானே வழக்கம்?"

"முகத்தை எல்லாரும் கண்டவை. இதை ஒருத்தரும் காணேல்லை." அவர் குரல் கொஞ்சம் ஏறியது. "பிள்ளை, கடற்கரையிலை அவருக்கு என்ன பேர் தெரியுமே? அதிட்டக்காரன். ஆருக்கும் மீன் இல்லாத நாளிலை அவருக்கு மீன் வரும். 'அதிட்டக்காரன் வாறான்' எண்டுதான் சொல்லுவினம். செத்தவீட்டிலையும் அதைத்தான் சொன்னவை. அதிட்டக்காரன், படுத்த பாயிலை போய்ச் சேர்ந்திட்டான் எண்டு. எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. உந்த மனிசன் குளிருக்கை, இருட்டுக்கை, கயிறு இறக்கி இறக்கிக் கை வெடிச்சுப் படிச்சது அதிட்டமே? பாக்கட்டும். எல்லாரும் வந்து பாக்கட்டும்."

"பாக்கத்தான் வேணும்!" என்று நானும் மேசையில் தட்டினேன். எனக்குக் கோபம் வரக் காரணம் வேண்டியதில்லை, அடுத்தவர் கோபமே போதும்.

தங்கச்சி தாளின் ஒரு மூலையை மெல்லத் தொட்டாள். அந்த மூலை கண்ணாடி மாதிரிக் கெட்டியாகி, தேயிலைச் சாயம் ஊற்றினது போல் நிறம் மாறியிருந்தது.

"இது என்னம்மா?"

"அது மூத்தவன் செய்த வேலை. தகப்பன் செத்த கிழமை, தாள் பழுதாப் போகும் எண்டு போட்டுக்குப் பூசிற ரெசினை எடுத்துப் பூசத் தொடங்கினவன். நல்லவேளை, நான் கண்டு பறிச்சுப் போட்டன்."

அட கடவுளே! படகு ஓட்டை அடைக்கிற ரெசின். ஊர்ச்சனம் லமினேற் செய்தால், கடற்சனம் ரெசின் பூசுகிறது. தண்ணீர் புகாமல் இருந்தால் எல்லாம் காலத்துக்கும் நிற்கும் என்பது படகோடு வளர்ந்தவனின் நம்பிக்கை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போன கதை. நான் வாயைத் திறந்தேன், தங்கச்சி என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

"இந்த மூலையை ஒண்டும் செய்யேலாது அம்மா. மிச்சத்தைக் காப்பாத்தலாம்" என்றாள்.

அந்த அம்மா போன பிறகு தங்கச்சி செய்த முதல் வேலை எனக்குப் புதினமாக இருந்தது. எந்தத் தாள் வந்தாலும் தொடுவதற்கு முன் போனில் படம் எடுத்து வைப்பது அவளுடைய பழக்கம். அன்று போனை எடுத்தாள், ஓரத்து எழுத்துகளைக் கொஞ்சநேரம் பார்த்தாள், போனைக் கொண்டுபோய் மற்ற அறையில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு மெல்லிய தாள் நறுக்குகளால் நாலு ஓரத்தையும் மூடினாள்.

"என்னடி இது, சேலைத்தலைப்பு மாதிரி?"

"அக்கா, நீ இதை வாசிச்சனியோ?"

வாசித்திருந்தேன். வாசிக்காமல் இருக்க நான் என்ன கல்லா? 'வெளிச்சவீடு கோயிற் கோபுரத்துக்கு இடப்பக்கம் ஒரு விரல்' என்று ஒன்று. 'ஒற்றைப் பனை சேர்ச் சிலுவையோடு நேர்' என்று இன்னொன்று. அந்தப் பனை ஒரு கோட்டால் வெட்டப்பட்டு, கீழே 'ரெலிபோன் கம்பம்' என்று புதிதாக எழுதியிருந்தது. சண்டைக்காலத்தில் பனை போயிருக்கும், மனிதர் குறியை மாற்றியிருக்கிறார்.

"மறந்துபோ" என்றாள் தங்கச்சி. "கடலிலை நிண்டு கரையைப் பாத்து இடம் பிடிக்கிற குறி. இந்தக் குறி தெரிஞ்சால் ஆரும் போய் வலையைப் போடலாம்."

"நான் போய் ஆருக்கடி மீன் பிடிக்கப் போறன்?"

"நீ பிடிக்கமாட்டாய். கதைப்பாய்."

சுருக்கென்று குத்தியது. ஆனால் சொன்னது சரி. அன்றிலிருந்து அந்தக் குறிகளை மறக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கணக்கு மூளை, ஒரு தரம் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மேலே சொன்னவற்றில் கோபுரத்தையும் விரலையும் நான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். யாரும் போட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கிடவேண்டாம்.

மூத்த மகன் இரண்டொரு நாளில் வந்து நின்றான். நாற்பது வயது மட்டில் இருக்கும், வெயிலில் காய்ந்த உடம்பு, கண் சிவந்திருந்தது. பின்னாலேயே தாயும் வந்து சேர்ந்தார்.

"அக்கா, அந்தத் தாளைத் தாங்கோ. பிறேம் வேண்டாம்."

"வேணும்" என்றார் தாய்.

"அம்மா, விசர்க்கதை கதையாதைங்கோ! சனம் முழுக்க வாற இடத்திலை கொண்டுபோய்த் தொங்கவிடப் போறியளோ? ஒருத்தன் ரெலிபோனிலை ஒரு படம் எடுத்தால் காணும். அடுத்தநாள் விடிய முழுப் போட்டும் அங்கைதான் நிக்கும். ஏற்கெனவே இழுவைப் படகு வந்து அள்ளிக்கொண்டு போகுது. மிஞ்சிக் கிடக்கிறது அப்பா காட்டின இந்த ரண்டு மூண்டு பார்தான். அதையும் குடுத்துப்போட்டு என்ரை பிள்ளையளுக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது?"

"அப்ப அவர் அதிட்டக்காரனாவே கிடக்கட்டும் எண்டு சொல்லுறியோ?"

"சொல்லுறவன் சொல்லட்டும். சொல்லாலை சட்டி நிறையுமே?"

"உனக்குச் சட்டி. எனக்கு அவர்."

நான் தாயின் பக்கம் கதைக்கத் தொடங்கி, நடுவில் மகனின் பக்கமும் சரியாகத் தெரிந்து, இரண்டு பேரையும் ஏசினேன். என்னால் அதுதான் முடிந்தது. இரண்டு பேரும் கேட்டது நியாயம். தொங்கினால் மகனின் பிழைப்புப் போகும். தொங்காவிட்டால் அந்த மனிதரின் பெயர் அதிட்டத்தோடு மண்ணுக்குள் போகும். அந்த அம்மா சத்தம் போட்டாரே தவிர ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் மகன் ஒரு வழி சொன்னான். "சரி. ஓரத்தை வெட்டி எடுத்துத் தாங்கோ. எழுத்தை நான் கொண்டுபோறன், படத்தை நீங்கள் போடுங்கோ." சொன்னதோடு நில்லாமல் மேசையில் கிடந்த வெட்டுக்கத்தியையும் எடுத்துவிட்டான்.

"வை அதை!"

அந்தச் சத்தம் தங்கச்சியுடையது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பிறந்த நாளிலிருந்து அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வீட்டில் ஏசுகிற வேலை முழுக்க என்னுடையது. அவள் அவன் கையில் இருந்த கத்தியை வாங்கி வைத்தாள்.

"உங்கடை அப்பா இந்தத் தாளை ஒருநாளும் வெட்டேல்லைத் தம்பி. இடம் காணாமப் போன நேரத்திலை இன்னொரு தாளை ஒட்டினவர், வெட்டேல்லை. படம் ஒரு பக்கம், குறி ஒரு பக்கம் எண்டு பிரிச்சால் ரண்டும் செத்துப்போம். குறி இல்லாட்டி இது சும்மா மலைப்படம். படம் இல்லாட்டி அது சும்மா எழுத்து."

இரண்டு வசனத்துக்கு மேல். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மகனும் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு அவள் பின்னறைக்குப் போய், நாலு நீட்டு அட்டைத் துண்டுகளைக் கொண்டுவந்தாள். தாளின் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். ஓரத்து எழுத்துகள் மறைந்தன. ரெசின் பட்ட மூலையும் மறைந்தது. நடுவில் கடல் மட்டும் நின்றது. பார்களும், கலவாயும், விளமீனும், நீரோட்டமும்.

"வெட்டத் தேவையில்லை. மவுண்ட் அட்டை மூடும்" என்றாள். "வழமையாக விரலளவு மூடுவன். இதுக்குக் கையளவு அகலமா வெட்டுறன். பின்பக்கத்தை ஒட்டி மூடி விடுவன், திறந்தால் திறந்த தடம் தெரியும். தம்பி, நீங்கள் ஒராள் மட்டும் திறவுங்கோ."

மகன் அட்டையை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தான், திரும்ப வைத்தான். "இதுக்குள்ளை எழுத்துப் பழுதாகாதோ?"

"அதுக்குள்ளை இருந்தால்தான் பழுதாகாது. பென்சில் வெளிச்சத்துக்கு ஒண்டும் ஆகாது. நீலப் பேனை வெளிச்சம் பட்டால் சில வரியத்திலை காணாமப் போம். வெளிச்சம் படாத இடம் இந்த அட்டைக்குக் கீழைதான்."

அவன் தாயைப் பார்த்தான். தாய் தாளைப் பார்த்தார். "பார் தெரியுதுதானே?" என்று மட்டும் கேட்டார். "தெரியுது அம்மா" என்றேன் நான், கொஞ்சம் உரக்கவே. ஆனால் எனக்குள் ஒரு நச்சரிப்பு இருந்தது. குறி இல்லாத படத்தைக் கண்டு கடற்சனம் என்ன விளங்கப் போகிறது? நல்லாய்க் கீறியிருக்கிறார் என்று சொல்லிவிட்டுச் சோற்றைத் தின்னப் போய்விட்டால், அந்த அம்மா கேட்டது கிடைத்ததாகுமா? தங்கச்சியிடமும் கேட்டேன். "தெரியாதக்கா" என்றாள். அவளுக்குத் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்ல வெட்கமில்லை, அதுவும் எனக்கு அவளில் பிடித்தது.

அந்த வேலையை அவள் செய்த விதத்தை நான் கிட்ட இருந்து பார்த்தேன். முதலில் மென்மையான தூரிகையால் தாளின் உப்பையும் மணலையும் தட்டினாள். தட்டி வந்த மணலை ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்து, பிறகு அந்த அம்மாவிடமே கொடுத்தாள். சுருண்ட தாளை ஈரம் லேசாகக் காட்டி, உறிஞ்சு தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே பாரம் ஏற்றினாள். பாரத்துக்கு எங்கள் வீட்டுப் பெரிய வேதாகமமும் போனது. "கர்த்தரின் வசனம் பாரமானதுதான்" என்று நான் சொல்ல, சிரித்தாள். பழைய மாப்பசையில் புழு அரித்த இடங்களை மெல்லிய ஜப்பான் தாளால் பின்னுக்கு இருந்து தாங்கினாள். தாளைப் பின்னட்டையில் ஒட்டவே இல்லை. மேல் விளிம்பில் மட்டும் கதவுக்குப் போடுகிற மாதிரித் தாளால் சின்னக் கீல் போட்டுத் தொங்கவிட்டாள். "ஈரத்துக்குத் தாள் விரியும், வெயிலுக்குச் சுருங்கும். இழுத்துக் கட்டினால் கிழியும்" என்றாள். கடைசியாக அந்தப் பெரிய யன்னலை வெட்டினாள். அத்தனை நீட்டு இழுவையை நான் அதுவரை காணவில்லை. நாலாவது பக்கம் வெட்டி முடித்து நடு அட்டை தானாகக் கழன்று விழுந்தபோது, நான் குழந்தைப் பிள்ளை மாதிரிக் கைதட்டினேன்.

பூசை நாளன்று நாங்கள் இருவரும் போனோம். எங்கள் மெதடிஸ்த சேர்ச்சில் முப்பத்தொன்று என்ற வழக்கம் இல்லை, ஆனாலும் சோற்றுக்கு மதம் ஏது? வீட்டு முன்னறையில், யன்னல் வெளிச்சம் படாத சுவரைத் தங்கச்சியே பார்த்துத் தெரிந்து படத்தை மாட்டியிருந்தாள். பூசை முடிந்து சனம் நிறைந்தது. பெண்கள் வந்து பார்த்து, "வடிவாக் கீறியிருக்கிறார்" என்றார்கள். பெடியள் மீன்களை எண்ணினார்கள். ரெலிபோன்கள் எழும்பி எழும்பிப் படம் எடுத்தன. மூத்த மகன் வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றான். குசினி வாசலில் நின்ற தாயின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வடிவு என்ற சொல்லைக் கேட்கவா அந்த மனிசி குழாயைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தது?

அப்போது ஒரு வயதுபோன சம்மாட்டி வந்தார். நாலைந்து போட்டுக்குச் சொந்தக்காரர், வழியில் நின்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். படத்தின் முன்னால் நின்றார். நின்றவர் நின்றபடி. விரலைத் தூக்கிக் கண்ணாடிக்கு மேலால் ஒரு பாரில் இருந்து மற்றப் பாருக்குப் போனார். வாய் மெல்ல அசைந்தது. அறைக்குள் கதை குறைந்தது.

"கரை எங்கை?" என்று கேட்டார்.

மகன் கட்டிய கையை அவிழ்த்தான்.

சம்மாட்டியின் விரல் படத்தை விட்டு வெளியே வந்து, அந்த அகன்ற வெள்ளை அட்டையில் நின்றது. அட்டையோடே சுற்றி வந்தது, ஒரு பக்கம், மறு பக்கம், கீழே, மேலே. பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கரைக்குறி இதுக்குக் கீழை கிடக்கு. அடேய், செத்தும் காட்டாமல் போறியே!" தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். சனத்தைத் திரும்பிப் பார்த்தார். "நாங்கள் விசரங்கள். இவ்வளவு காலமும் அதிட்டக்காரன், அதிட்டக்காரன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சம். அதிட்டத்தை ஆரும் அட்டை போட்டு மறைப்பினமே?"

பின்னால் நின்ற கடற்கரை ஆட்கள் ஒவ்வொருவராக முன்னுக்கு வந்தார்கள். இந்த முறை ஒருவரும் மீனைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தார்கள். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குசினி வாசலில் இருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. அழுதுகொண்டிருந்தார்.

"அண்ணை, இன்னொருக்காச் சொல்லுங்கோ. வெளியிலை நிக்கிற ஆக்களுக்கும் கேக்கவேணும்."

சம்மாட்டி முற்றத்துக்கு இறங்கிப்போய், இன்னும் உரத்த குரலில் சொன்னார்.